கான்வாஸ் பூட்ஸுக்குள் ஒரு மேஜோடு

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நனைந்த கம்பளியின் வாடை எங்கே வந்தாலும், அண்ணனுக்குப் பெண் பார்க்கத் திண்டிவனம் போன பகல்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. எனக்கு ஒன்பது வயது. அப்பா இல்லாத எங்கள் வீட்டை, விழுப்புரம் ரயில் ஷெட்டில் இன்ஜின் துடைத்து அண்ணன்தான் காப்பாற்றினார். அங்கே ஒருமுறை கொதிநீர் கொட்டி, அவருடைய வலது பாதம் வெந்து, ஆறிய பிறகும் வெள்ளையாகவே நின்றுவிட்டது. பெண் பார்க்கப் போக அவர் கான்வாஸ் பூட்ஸ் வாங்கி வந்தார். மாதா கோயில் சாமியார் கொடுத்த பழைய துணிகளில் கிடந்த கம்பளிக் காலுறை ஜோடி ஒன்றை எடுத்து அம்மா நீட்டினாள்; ‘மேஜோடு’ என்போம் அதை.

“கான்வாஸுக்கு எவம்மா மேஜோடு போடுவான்? ஷெட்டுல சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும். அவனுங்களா பொண்ணு குடுக்கறானுங்க? காலப் பாத்தா குஷ்டம், பெருவியாதின்னுடுவாங்கடா. போட்டுக்கினு வா.”

“நீ சொல்லுடா” என்று அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பார்கள் என்பதை நாங்கள் மூவருமே மறந்துபோனோம். பெண்ணின் அப்பா செம்பை நீட்டியபோது அண்ணன் பூட்ஸைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

“அவனுக்கு ஜுரங்க, தண்ணி ஆவாது” என்றாள் அம்மா.

“காலுக்கு என்னாங்க ஜுரம்?”

அண்ணன் செம்பை வாங்கி மேஜோட்டின் மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டார். சாணம் மெழுகிய தரையில் ஈரச் சுவடு பதிய நடந்து போய் உட்கார்ந்தார். பிறகு தானே மேஜோட்டைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டினார்.

“வெந்நீர் பட்டதுங்க.”

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். “வெந்நீருதான், தெரியுது தம்பி. வந்ததுமே சொல்றதுக்கு என்னா? இன்னும் எதெத மறைச்சிருக்கீங்களோ.”

ரயிலில் திரும்பும்போது அண்ணன் பிழிந்த மேஜோட்டை மடியில் வைத்திருந்தார். அதன் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் பெண் பார்க்கப் போகவில்லை.

இப்போது யார் வீட்டு வாசலிலும் செம்புத் தண்ணீர் நீட்டுவதில்லை. அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. போன மாதம் அண்ணனும் போனார். சவப்பெட்டியில் வைக்கும் முன் அவருக்குப் புது உடுப்பு மாட்டியவர்கள், வழக்கப்படி வெள்ளைக் காலுறையையும் எடுத்தார்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன் நான்.

“வேணாங்க. கால் தெரியட்டும்” என்றேன்.

1979, தை மாதம் ஐந்தாம் நாள்.