வேப்பிலை கட்டாத எல்லை

எங்கேயாவது கொள்ளைநோய் கண்டால் மறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று உலக நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து விதி எழுதுவதாகப் பேப்பரில் படித்தேன். சிரிப்புதான் வந்தது. எழுதட்டும், நன்றாக எழுதட்டும். எங்கள் கொல்லிமலையில் வெள்ளைக்காரன் காலத்திலேயே அப்படி ஒரு விதி இருந்தது. யாரும் எழுதி வைக்காத விதி, ஆனால் ஊரில் அது தெரியாதவர் கிடையாது. அதை உடைத்தவன் நான்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. எந்த நாட்டு ஊராக இருந்தாலும், அம்மை கண்ட அன்றைக்கே எல்லைப் பாதையில் முள் வெட்டிப் போட்டு, அதன்மேல் வேப்பிலைக் கொத்துக் கட்ட வேண்டும். இலையைப் பார்த்தால் வெளியாள் உள்ளே கால் வைக்க மாட்டான், உள்ளே இருப்பவனும் வெளியே வர மாட்டான். கட்டச் சொல்ல வேண்டியவன் ஊர்க்கவுண்டன். வளப்பூர் நாட்டில் எங்கள் ஊருக்கு அப்போது நான்தான் ஊர்க்கவுண்டன். முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா போனதும் என் தலையில் ஏறிய பொறுப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒழுங்காகத்தான் கட்டினோம். என்ன கிடைத்தது? முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இலையை அவிழ்த்த பிறகும் மூன்று மாதம் எவனும் எங்களைத் தன் பாதையில் நடக்க விடவில்லை. அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு, எங்கள் பக்கத்து ஊர் வழியாகத்தான் இறங்க வேண்டும். காயவைத்த மிளகு மூட்டையிலேயே பூஞ்சணம் பூத்தது. மலையில் எது வேண்டுமானாலும் விளையும், உப்பு விளையாது. உப்பில்லாத களியை விழுங்க முடியாமல் குழந்தைகள் துப்பின. ஒரு பிடி உப்பை எல்லையில் வைத்துவிட்டுப் போக ஒரு நாதி இல்லை. உண்மையைச் சொன்ன ஊருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுபடி அம்மை வந்தது சித்தப்பா வீட்டில், அவருடைய மருமகளுக்கு. மிளகு காய்ந்து சந்தைக்குத் தயாராக இருந்த நேரம். ஊர் ஆண்களைக் கூட்டினேன்.

"ரெண்டே ரெண்டு சந்தை போகட்டும். அப்பறம் இலை கட்டிக்கலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்கப்படாது" என்றேன். ஆளுக்கொரு பிடி கோயில் மண் எடுத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். சித்தப்பா மட்டும் தயங்கி நின்றார்.

"ஆத்தாகிட்டயே ஒளிச்சு வெக்கறமே, சாமி."

"அப்ப உப்புக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று வெடுக்கென்று கேட்டேன். மனுஷன் குனிந்து மண்ணை எடுத்தார்.

மூன்றாம் நாள் வெயில் ஏறுகிற நேரத்தில் என் தங்கை வந்து நின்றாள். அவளைப் பெரக்கரை நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. எல்லையில் இலை இல்லை, அவள் பாட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும், அதற்கு நாள் கேட்க வந்திருந்தாள். அது என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. நான் வாங்கவில்லை.

"இப்ப எதுக்கு வந்த? திரும்பிப் போ."

"என்னுங்கண்ணா இது? அத்தனை தூரம் நடந்து வந்திருக்கறேன், ஊட்டுக்குள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களா?"

ஆத்தா வந்திருக்கா என்று சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்தால் அவள் புருஷனுக்குத் தெரியும், பிறகு மலை முழுக்கத் தெரியும். ஊரையே சத்தியம் பண்ண வைத்தவன் நானே எப்படி உடைப்பது? அதனால் கத்தினேன்.

"காதுகுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சும்மா சும்மா சீர் கேட்டு வந்து நிக்காத!"

கோபம் வந்தால் விறுவிறுவென்று தன் ஊருக்குப் போய்விடுவாள், குழந்தை தப்பித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். என்ன அறிவு பாருங்கள்! அவள் முகம் சுண்டிப் போயிற்று. "நல்லா இருங்கண்ணா" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். காரியம் முடிந்தது என்று நான் மிளகைக் கிளறப் போய்விட்டேன்.

பிறந்த ஊரில் அண்ணன் துரத்தினால் ஒரு பெண் எங்கே போவாள்? நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளை விரட்ட சித்திக்கு மனசு வரவில்லை. மருமகள் கிடந்த உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுக் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அங்கே கிடந்த ஒரு போர்வையை விரித்துக் குழந்தையைத் தூங்கவைத்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சத்தியம் அல்லவா! எனக்கு விஷயம் தெரிந்தபோது அவள் பாதி வழி போயிருப்பாள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போதும் நான் போகவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சந்தைக்குப் போனோம், உப்பு வந்தது. இரண்டு சந்தை மூன்றாயிற்று, நாங்கள் இலை கட்டவே இல்லை. சித்தப்பாவின் மருமகள் பிழைத்துக்கொண்டாள். அப்போதுதான் பெரக்கரைப் பக்கம் போய்வந்த ஒருவன், என் தங்கையின் ஊர் எல்லையில் முள்ளும் வேப்பிலையும் கிடக்கிறது என்றான். அவள் குழந்தைக்கு முத்து கண்ட அன்றைக்கே, ஒரு பொழுதுகூடத் தாமதிக்காமல் கட்டியிருக்கிறார்கள்.

பிற்பாடு நாடுகள் கூடியபோது நானே எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்க்கவுண்டன் பட்டத்தைப் பிடுங்கினார்கள், சரிதான். மறைக்கிற ஊரைத் தள்ளிவைக்க வேண்டும் என்று சிலர் குதித்தார்கள். "தள்ளி வெச்சா இன்னும் நல்லா மறைப்பானுங்க. நான் எதுக்கு மறைச்சேன்னு கேளுங்க" என்றேன். கடைசியில் விதியோடு ஒன்றைச் சேர்த்தார்கள்: இலை கட்டிய ஊருக்கு மற்ற ஊர்க்காரர்கள் உப்பும் தானியமும் எல்லையில் கொண்டுவந்து வைக்க வேண்டும், இலை அவிழ்ந்ததும் பாதையைத் திறந்துவிட வேண்டும். நல்ல விதி. வந்ததுதான் காலம் கடந்து.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால், இலை கட்டிய செய்தி கேட்ட அன்றைக்கே, நான் ஒரு மூட்டை உப்பைத் தூக்கிக்கொண்டு பெரக்கரைக்கு ஓடினேன். முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று அவளைக் கூப்பிட்டேன். தொண்டை வற்றும் வரைக்கும் கூப்பிட்டேன். வெகு நேரம் கழித்து வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. இடுப்பில் குழந்தை இல்லை. எப்படியாவது அவள் பக்கத்தில் போய்விட வேண்டும் என்று முள்ளை இரண்டு கையாலும் இழுத்தேன்.

"கிட்ட வராதீங்கண்ணா!" என்று அலறினாள். "இங்க ஆத்தா வந்திருக்கா. அப்படியே திரும்பிப் போயிருங்க, உங்க ஊட்டுல குழந்தைங்க இருக்குது!"