ஐந்து குடைகள்

வேதியியல் டீச்சருக்குப் பள்ளியில் ‘சமன் டீச்சர்’ என்றுதான் பெயர். கரும்பலகையில் சமன்பாடு சரியாகும்வரை ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை ஒரு பிள்ளையும் தொடக்கூடாது.

“இரும்பு ஒவ்வொண்ணும் ஒரு எலக்ட்ரானை இழக்கும். பெர்மாங்கனேட் ஒண்ணே அஞ்சையும் வாங்கிக்கும். அப்போ எத்தனை இரும்பு வேணும்?” என்று தொண்டை கிழியக் கத்துவார்.

ஒருநாள் மழை கொட்டியபோது அவருடைய குடையைக் காணோம். வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். டீச்சரோ, ஒருத்தர் இழந்தால் இன்னொருத்தர் பெற்றிருக்கவேண்டுமே என்று கிளம்பினார். ஊதாச் சட்டை போட்ட தலைமையாசிரியர் அதே குடையோடு வராந்தாவில் நின்றிருந்தார். சட்டையைப் பார்த்ததுமே டீச்சருக்குப் பொறி தட்டியது: பெர்மாங்கனேட் நிறமாயிற்றே, ஒன்றோடு நிற்காதே! ஆசிரியர் அறைக்கு ஓடினார்.

“இன்னும் நாலு பேர் குடையைத் தொலைச்சிருக்கணுமே, யாரு?”

தயங்கித் தயங்கி நான்கு கைகள் உயர்ந்தன.

எல்லோரும் படையெடுத்துப்போய்த் தலைமையாசிரியரின் பீரோவைத் திறந்தார்கள். உள்ளே நான்கு குடைகள். இரும்போடு சேர்ந்த பெர்மாங்கனேட் வெளுப்பதுபோல அவர் முகம் வெளுத்துப்போனது. நால்வரும் ஆளுக்கொன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

“ஐயோ, எடுக்காதீங்க! இப்பதான் சமன் ஆச்சு!” என்று டீச்சர் பதறினார். யார் கேட்டார்கள்? தன் பங்குக்காவது சமன்பாடு கெடக்கூடாதென்று தன் குடையைத் தலைமையாசிரியர் கையிலேயே விட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்தார்.

“குடை கிடைச்சுதா, இல்லையா?” என்றார் கணவர்.

“கிடைச்சிடுச்சுங்க,” என்றார் தும்மிக்கொண்டே, “தலைமையாசிரியருக்கு.”