ரோபோக் கூண்டின் கதவு

முதலில் நான் பயந்தது காற்றுக்குத்தான்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில், ஆய்வகத்து மேசைமேல் ஒரு சின்ன இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் நீலக் குழாய் ஒன்றைச் செருகி, ஆசிரியர் ஒரு பொத்தானைத் தட்டினார். டப்பென்று உள்ளிருந்து ஒரு தண்டு பாய்ந்து வெளியே வந்தது. நான் பின்னால் துள்ளி, நின்றிருந்தவன் காலை மிதித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. "வெறும் காத்துதாம்மா," என்றார் ஆசிரியர். வெறும் காற்றே இப்படி அடிக்கும் என்றால் மற்றதெல்லாம் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்தது மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ. தானாக ஓடும் இயந்திரங்களை அமைப்பதும் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் பாடம். அதைத் தேர்ந்தெடுத்தது நானில்லை, அப்பா. நாகரசம்பட்டியில் மாந்தோப்புக் கூலி வேலை பார்த்தவர், சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவார். அங்கே டப்பாவுக்கு மூடி போடும் இயந்திரம் ஒருநாள் நின்றுபோனது. ஓசூரிலிருந்து ஒரு பெண் வந்து, லேப்டாப்பை அதில் செருகி, எதையோ தட்டி ஓட வைத்துவிட்டுப் போனாளாம். "அந்தப் பொண்ணு உக்கார மேனேஜரே சேர் எடுத்துப் போட்டாரு," என்று வீட்டில் வந்து சொன்னார். அந்த நாற்காலிதான் என்னை ஓசூருக்கு அனுப்பியது. எனக்கு மிக்ஸி போடவே பயம் என்பது அவருக்குத் தெரியாது.

வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அவளுக்கு எதைக் கண்டும் பயமில்லை. ஒயரை உரிப்பதென்றால் பல்லாலேயே உரிப்பாள். "ஏண்டி இப்பிடி நடுங்கற? அது மெசினு. நீ சொன்னாதானே ஆடும்?" என்பாள். அவள் பக்கத்தில் நின்றே ஒவ்வொரு ஆய்வகத் தேர்வையும் கடந்தேன்.

கடைசி வருடத்தில் தொழிற்சாலைப் பயிற்சி. எங்கள் இருவரையும் சிப்காட்டில் வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். மூக்கண்டப்பள்ளியில், ஃபேக்டரிப் பெண்கள் தங்கியிருந்த லைன் வீடு ஒன்றில் ஓர் அறை பிடித்தோம். காலையில் சுடிதார்மேல் காக்கி கோட்டு, தலையில் தொப்பி. துப்பட்டாவுக்கு உள்ளே அனுமதியில்லை. என் கோட்டு எனக்கு மிகவும் பெரிது. கைகள் தொளதொளவென்று தொங்கும்.

எங்களை விட்ட இடத்தில் ஒரு ரோபோ இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு கை. அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. ஒரு பக்கத்திலிருந்து கன்வேயரில் வார்ப்பிரும்புத் துண்டுகள் வரும். ரோபோ குனிந்து ஒன்றை எடுத்து, திரும்பி, கடைசல் இயந்திரத்துக்குள் வைக்கும். படத்தில் பார்த்தபோது அது மெதுவாக அசையும் என்று நினைத்திருந்தேன். நேரில் அது திரும்பிய வேகத்தில் முகத்தில் காற்று அடித்தது. முதல் நாள் மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

அங்கே ஆபரேட்டராக ஓர் அக்கா இருந்தார். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், கான்ட்ராக்ட் ஆள். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். சில சமயம் ரோபோவின் பிடியிலிருந்து துண்டு நழுவிக் கீழே விழும். அக்கா கூண்டுக் கதவைத் திறந்து, உள்ளே போய், எடுத்துக்கொண்டு வருவார். கதவைத் திறந்தால் எல்லாம் தானாக நிற்க வேண்டும், அப்படித்தான் படித்திருந்தோம். கதவில் ஒரு சாவி இருக்கும். கதவு மூடியிருக்கும்போது அது நிலைச்சட்டத்தில் உள்ள சுவிட்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். திறந்தால் சாவி வெளியே வரும், மின்சாரம் அறுந்துவிடும். ஆனால் இங்கே கதவு திறந்தபிறகும் சுவிட்சுக்குள் ஒரு சாவி இருந்தது. வேறொரு சாவியைச் செருகி, கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நின்றால் மறுபடி ஆரம்பிக்க நேரமாகிறது, உற்பத்தி குறைகிறது என்று.

"ஏனூ ஆகல்லம்மா. டெய்லி போறேன், ஒண்ணும் ஆகாது," என்றார் அக்கா.

ஒருநாள் காலை அக்கா டீக்குப் போயிருந்தார். துண்டு ஒன்று விழுந்தது. சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், எந்நேரமும் ஓட்டத்திலேயே இருப்பார். "ஏம்மா, சும்மா நிக்கிறதுக்கு அந்தப் பீஸ எடுத்துப் போடலாம்ல?" என்றார். தோழி, ரோபோவை ஓட்டி நிறுத்தும் பொத்தான்கள் உள்ள பேனல் பக்கம் இருந்தாள். கதவருகே நின்றது நான்.

கன்வேயரில் துண்டு எதுவும் வரவில்லை. ரோபோ அசையாமல் இருந்தது. அது நின்றிருக்கவில்லை, அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரோபோவைவிட அந்த நேரத்தில் சூப்பர்வைசருக்குத்தான் அதிகம் பயந்தேன். உள்ளே போனேன். துண்டு கன்வேயரின் முனைக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்து, நிமிர்வதற்கு இன்னொரு கையைக் கன்வேயர்மேல் ஊன்றினேன்.

கைக்குப் பக்கத்தில் சென்சாரின் குட்டி விளக்கு மஞ்சளாக எரிந்தது.

துண்டு வந்துவிட்டது என்பதற்கான விளக்கு அது. வந்திருந்தது என் கை. ஆய்வகத்தில் எத்தனையோ முறை அந்த விளக்கை எரிய வைத்து, ரெக்கார்டில் எழுதியிருக்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று வரிசையாகத் தெரிந்தது. கையை எடுக்கத்தான் தெரியவில்லை. தலைக்குமேல் மோட்டார் உறுமியது. மஞ்சள் கை இறங்கியது. "அம்மா" என்று கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு என் குரல் கேட்கவில்லை.

எல்லாம் நின்றது. தோழி சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை உள்ளங்கையால் அறைந்திருந்தாள். ரோபோவின் இரும்பு விரல்கள் என் கோட்டுக் கையைக் கவ்விக்கொண்டிருந்தன. சதை அகப்படவில்லை, முழங்கைக்கு மேல் தொங்கிய தொளதொளத் துணி மட்டும். இழுத்தேன், வரவில்லை. அந்த விரல்களை இறுக்குவது காற்று, மின்சாரம் போனாலும் அதன் பிடி விடாது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது. "இரு இரு, எமர்ஜென்சிய எடுத்து விட்டாத்தான் பிடி தெறக்கும்," என்று பேனலை நோக்கிப் போனார். அதைக் கேட்டதும்தான் உண்மையான பயம் வந்தது. மறுபடி ஓட்டினால் அது பிடியைத் திறக்காது. என்னையும் தூக்கிக்கொண்டு கடைசல் இயந்திரத்துப் பக்கம் திரும்பும். துண்டை எடுத்தபின் அது செய்யும் அடுத்த வேலை அதுதான்.

"தொடாதீங்க சார்! தொடாதீங்க!" என்று கத்தினேன். தோழி அந்தப் பொத்தானை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றாள். "சார், கிட்ட வராதீங்க. அவ மொதல்ல வெளிய வரட்டும்," என்றாள். அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

மறு கையால் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினேன்.  கடைசிப் பொத்தானைப் பிய்த்தே எடுத்தேன். தோளை உருவி, கையை உருவி, கதவுக்கு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கோட்டு மட்டும் அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "வெளிய யாருகிட்டயும் சொல்லிக்கிட வேணாம். காலேஜுக்குத் தெரிஞ்சா ஒங்க ட்ரெய்னிங் சர்டிபிகேட்டுதான் போகும், பாத்துக்க," என்றார்.

அன்று மாலை காயின் பாக்ஸ் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். பக்கத்து மளிகைக்கடை போனுக்கு அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். "என்னாம்மா, கொரலு ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். சளி என்றேன். சொன்னால் மறுநாளே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இரவு மெஸ்ஸில் யாரோ தட்டைக் கீழே போட்டபோது எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தோழி சிரிக்கவில்லை. என் தட்டிலிருந்த சோற்றை உருண்டை பிடித்து என் கையில் வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனதற்குக் காரணம் தைரியம் இல்லை. போகாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்கும் பயம். பேனல் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். துண்டு விழுந்தது. அக்கா வழக்கம்போலக் கதவைத் திறந்தார்.

"அக்கா, வேணாங்க்கா," என்றேன். காதில் வாங்காமல் உள்ளே போய்க் குனிந்தார். என் கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது. எல்லாம் நின்றது. சூப்பர்வைசர் வந்தார், திட்டினார், மறுபடி ஓட்டினார். அடுத்த முறையும் அமுக்கினேன். அதற்கடுத்த முறையும்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? எதுக்கும்மா அமுக்குற?"

"உள்ள ஆள் இருக்காங்க சார்."

 பேனலை விட்டு நகராமல் நின்றேன். மதியத்துக்குள் என்னைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் தோழி என்னைக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் துறை ஆசிரியர் முழுவதையும் கேட்டார். நெற்றியைத் துடைத்தார். "அந்தக் கம்பெனிதான் வருசா வருசம் நம்ம பசங்கள எடுக்குது," என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் என்று நினைத்து வெளியே வந்தோம். சர்டிபிகேட்டும் போயிற்று, சொன்ன விஷயம் கம்பெனிக்கும் போய்ச் சேரும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தோழியிடம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

சில நாள் கழித்து அவர் கம்பெனிக்கு வந்தார். மாணவர்களைப் பார்க்க வருகிற வழக்கமான வருகை என்றுதான் சொல்லியிருந்தார். பிளான்ட் மேனேஜர் கூடவே நடந்துவந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நானும், என்னிடம் வந்து நின்ற தோழியும் பேக்கிங் மேசைக்கு அருகிலிருந்து பார்த்தோம். ரோபோக் கூண்டுக்கு முன்னால் ஆசிரியர் நின்றார். பேசிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துக் கதவை அகலத் திறந்தார். உள்ளே ரோபோ தன்பாட்டுக்கு எடுத்து, திரும்பி, வைத்துக்கொண்டிருந்தது.  கதவைத் திறந்து பிடித்தபடியே மேனேஜரைப் பார்த்தார். ஆசிரியருடைய சட்டையின் முதுகு முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்தது. மேனேஜர் சுவிட்சில் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தார், பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார்.

அடுத்த நாள் கம்பியும் இல்லை, கூடுதல் சாவியும் இல்லை. யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சர்டிபிகேட்டும் கிடைத்தது. அந்த வருடம் அந்தக் கம்பெனி எங்கள் கல்லூரியிலிருந்து யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. அதற்கு நாங்கள்தான் காரணமா என்று தெரியாது. வகுப்புப் பையன்கள் அப்படித்தான் சொன்னார்கள், சிலர் எங்களோடு பேசுவதை விட்டுவிட்டார்கள்.

தோழிக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. எனக்கு ஓசூரிலேயே இன்னொரு கம்பெனியில், ரோபோக்களைப் பழுது பார்க்கும் வேலை. பயம் போய்விடவில்லை. எந்தக் கூண்டைத் திறந்தாலும் கையை நீட்டும் முன் உள்ளங்கை ஈரமாகிவிடும். துணையாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த அக்காவைப் பற்றித்தான் மனசு ஆறவில்லை. சாவியை எடுத்தபிறகு கதவைத் திறக்கும்போதெல்லாம் ரோபோ நின்றது. மறுபடி ஓட்ட நேரமானது. எண்ணிக்கை குறைந்ததற்கு அக்காவைத்தான் திட்டினார்கள். "உன்னால நனகே, எனக்கே கஷ்டம்," என்றார் ஒருநாள், என் முகத்தைப் பார்க்காமல். பயிற்சி முடிந்த கடைசி நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். அக்கா அப்போதுதான் கதவைத் திறந்து உள்ளே போயிருந்தார். அசையாமல் நின்ற அந்த மஞ்சள் கைக்கு அடியில், அவசரமில்லாமல் குனிந்து துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவர் வெளியே வரும்வரை நின்று பார்த்துவிட்டு, கேட்டை நோக்கி நடந்தேன்.