ஒன்பதாம் எண் கேபினின் நோட்டு

லோர்னா ப்ரூவிட்டின் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் கேபினைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன், மேசை இழுப்பறையில் கிடக்கும் விருந்தினர் நோட்டில் எழுதியாக வேண்டும். தேதி, எத்தனை பேர், என்ன சாப்பிட்டோம், என்ன உடைந்தது. இந்த நான்கையும் எழுதாமல் ஒருவரும் காரில் ஏற முடியாது. சட்டம் போட்டவள் லோர்னா. எதிர்த்துக் கேட்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

அமெரிக்காவின் தெற்கு மிசௌரியில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியின் சமையற்கட்டில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். முந்நூற்றெண்பது பிள்ளைகளை ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடவைத்து அனுப்பிய கைக்கு, குடும்பத்தில் மிச்சமிருக்கும் ஏழு பேரை மேய்ப்பது பெரிய காரியமா என்ன? பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்தபோது அங்கிருந்த கைமணியைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆற்றங்கரைப் பூங்காவில் மூன்று நாள் தங்கும்போது, காலை ஆறரைக்கு அந்த மணி அடிக்கும். ஏழு மணிக்குப் பூங்காவில் சங்கு ஊதிய பிறகுதான் ஆற்றில் தூண்டில் போடலாம் என்பது அரசாங்கத்தின் விதி. சங்கு ஊதும்போது தன் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் தயாராக நிற்க வேண்டும் என்பது லோர்னாவின் விதி.

"சார்ஜென்ட் வந்துட்டா, எந்திரிங்கடா! இல்லேன்னா பட்டினிதான்!" என்று தம்பி ட்வைட் போர்வைக்குள்ளிருந்தே கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கேலி பண்ணுகிறார்கள் என்றால் பிரியமாக இருக்கிறார்கள் என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக நம்பியிருந்தாள், பாவம்.

கேபின் கிடைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. ஒன்பதாம் எண் கேபினின் தாழ்வாரத்தில் நின்றால் ஆற்றின் சத்தம் கேட்கும். அதனால் கோடையில் அதற்கு அடிதடி. சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறக்கும். ஐந்து நிமிஷத்தில் போய்விடும். கேபினில் செல்போன் எடுக்காது. ஒவ்வொரு ஜூனிலும், கிளம்பும் ஞாயிறன்று, மற்றவர்கள் தூண்டிலோடு ஆற்றில் நிற்க, லோர்னா குளியலறைக் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி அடுத்த வருஷத்துக்குப் பதிந்துவிட்டு இறங்குவாள். கணவன் வெர்லின் இறந்த வருஷம்கூட அவள் அதைத் தவறவிடவில்லை.

இந்த ஜூனில், சனிக்கிழமை காலை, எல்லாரும் காற்றடைத்த டியூப்களில் ஆற்றோடு மிதக்கப் போய்விட்டார்கள். முழங்கால் வலியால் லோர்னா தங்கிவிட்டாள். மதியத்துக்கு பிஸ்கட் என்னும் மெத்தென்ற ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் குழம்பும் செய்யலாம் என்று மாவு பிசைந்து வைத்துவிட்டு அடுப்பைத் திருகினால், இடதுபக்க பர்னர் எரியவில்லை. முன்னால் தங்கியவர்கள் யாராவது அதைக் குறித்திருக்கிறார்களா என்று பார்க்க நோட்டை எடுத்தாள். பின்னோக்கிப் புரட்டினாள். மே, ஏப்ரல், பனிக்காலம், அக்டோபர்.

அக்டோபர் பக்கத்தில் மகள் டெஸ்ஸாவின் கையெழுத்து.

'அக்டோபர் 13 முதல் 15 வரை. ஏழு பேர். சாப்பிட்டது: மூன்று நாளும் பீட்சா. உடைந்தது: ஒன்றுமில்லை. ஒன்பது மணி வரை தூங்கினோம். இந்தக் கேபினில் இப்படி ஒரு நிம்மதி இதுவரை கிடைத்ததில்லை.' கீழே பேத்தி பிரின் கைமணி ஒன்றை வரைந்து அதன் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

லோர்னா மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். இலைகள் சிவக்கும் சமயத்தில் ஒரு தடவை போய்வரலாமா என்று செப்டம்பரில் இவர்களைக் கேட்டதே அவள்தான். ட்வைட் முதுகுவலி என்றான். டெஸ்ஸா அந்த வாரக் கடைசியில் தனக்கு அலுவலகத்தில் ட்ரெய்னிங் என்று சொல்லி, நாயைக் கொண்டுவந்து அம்மா வீட்டில் விட்டுப் போனாள். மூன்று நாளும் அந்த நாய்க்குச் சோறு வைத்து, அது சோபாவில் செய்த அசிங்கத்தைத் துடைத்து, திரும்பி வந்த மகளிடம் 'ரொம்ப வேலையா, களைச்சுப் போயிருக்கியே' என்று சூப் வேறு கொடுத்து அனுப்பினாள்.

ஒரு போட்டோகூட வெளியே கசியாமல் ஏழு பேரும் எட்டு மாதம் வாயைக் கட்டியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நோட்டில் எழுதாமல் கதவைப் பூட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவள் பழக்கிய பழக்கம் அப்படி. தேதி, ஆள், சாப்பாடு, உடைந்தது, நான்கும் வரிசை மாறாமல் இருந்தன.

மணி தொல்லையாக இருந்தால் சொல்லியிருக்கலாமே! வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று ஒரு வார்த்தை. ஒருநாள் கோபித்துக்கொண்டிருப்பாள், மறுநாள் சரியாகியிருப்பாள். மணியை விட்டுவிட்டு வரச் சொல்ல முடியாதவர்கள் அவளையே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நோட்டை இழுப்பறைக்குள் போட்டு அறைந்து மூடினாள். அழுகை வரவில்லை என்பதில் ஆத்திரம் வந்தது.

மத்தியானம் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு பிஸ்கட் எடுத்து வைத்தபடி லோர்னா சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன்டி டெஸ்ஸா, அக்டோபர்ல ஒரு ட்ரெய்னிங் போனியே, அது பிரயோஜனமா இருந்துச்சா?"

டெஸ்ஸாவின் கை குழம்புக் கரண்டியில் நின்றது. "எது... ஓ, அதுவா? செம போர்மா. மூணு நாளும் ஒரே ரூம்ல அடைச்சுப் போட்டாங்க."

"அடப்பாவமே," என்றாள் லோர்னா. ட்வைட் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள். பெற்ற மகள் அவள் முகத்தைப் பார்த்தே இரண்டாம் தடவையும் பொய் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை மணி அடிக்கவில்லை. லோர்னா தனியாக மேட்டில் ஏறினாள். ஆறு ஐம்பத்தெட்டுக்கு சிக்னல் முழுசாக இருந்தது. ஒன்பதாம் எண், அடுத்த ஜூன், எட்டுப் பேர் என்று கட்டங்களை நிரப்பிவிட்டு, கடைசிப் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கீழே சங்கு ஊதியது. ஆற்றில் யார் யாரோ தூண்டில் வீசினார்கள். அவள் ஆட்களில் ஒருவனும் அங்கே இல்லை. ஏழு மணி நாலு நிமிஷத்துக்கு ஒன்பதாம் எண்ணுக்கு நேரே திரை சாம்பல் நிறமானது. வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ஒன்பதரைக்கு ட்வைட் கொட்டாவி விட்டபடி தாழ்வாரத்துக்கு வந்தான். "என்ன சார்ஜென்ட், மணி ரிப்பேரா? ஆமா, கேபின் புக்கிங் போட்டுட்டேல்ல?"

"போயிடுச்சு."

"போயிடுச்சா? நீ ட்ரை பண்ணியுமா?"

"நான் போடல."

அவன் கொட்டாவி பாதியில் நின்றது. பெட்டிகளைக் காரில் ஏற்றினார்கள். கடைசியாக எல்லாரும் வழக்கம்போலக் கதவருகே வந்து நின்றார்கள், லோர்னா நோட்டில் எழுதி முடிக்கட்டும் என்று. இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் எழுதுவாள்.

அவள் நோட்டை எடுத்தாள். அக்டோபர் பக்கத்தைத் திறந்து, அதன் நடுவில் பேனாவை வைத்து டெஸ்ஸாவிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவையும் நீயே எழுதிடு," என்றாள். "ஏழு பேர்னு போட்டா போதும்."