கேக் திருடியும் அவளைப் பிடிக்கிறவனும்

படக்கதைகளில் மீசை வைத்த கொள்ளையன் சீக்கிரமே மாட்டிக்கொள்வான். முகமூடி போட்ட திருடி மட்டும் கடைசிப் பக்கம்வரை மாடிக்கு மாடி தாவிக்கொண்டே இருப்பாள். ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்தும் நாயகனுக்கு அவள் மணிக்கட்டு மட்டும் எப்படியோ நழுவிவிடும். இதைப் பற்றி எந்தக் காவல் நிலையத்திலும் இதுவரை விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை.

நகரி ஹரிதாவின் பிழைப்பே அந்தத் திருடி வேஷம்தான். ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கியவள், இப்போது திருப்பதிப் பக்கத்துப் பிறந்தநாள் விழாக்களில் ‘இருட்டு ராணி’. கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். சிவப்பு அங்கி பறக்க ‘இடிவீரன்’ பாய்ந்து வந்து ஓங்கி ஒரு அடி போடுவான். அவள் மல்லாந்து விழுவாள், பிள்ளைகள் குதிப்பார்கள். அங்கிக்குள் இருந்தவன் புத்தூர் அருள்குமார். அவனிடம் அடி வாங்கி வாங்கியே, கட்டினால் இவனைத்தான் என்று ஹரிதா முடிவு செய்திருந்தாள். நைனா வேண்டாமென்றால் மட்டும் கட்டமாட்டாள். அவளை ஒற்றை ஆளாக வளர்த்த அப்பா அவர்.

“பையன நானே பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் நைனா கன்னையா, விசைத்தறி ஓட்டுகிறவர். வடமாலபேட்டை மண்டபத்துக்கு வரச் சொன்னாள். அங்கே இருவருக்கும் என்ன வேலை என்று கேட்டதற்கு “ஈவென்ட்டு” என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது தப்பாகப் போயிற்று.

சாப்பாட்டு நேரத்துக்கு வரவேண்டியவர் முன்னதாகவே வந்துவிட்டார். இடிவீரன் கையை ஓங்கினான், ராணி விழுந்தாள்.

“டேய்! யாரு பொண்ண அடிச்சிக்கினு கீற?” கன்னையா மேடையேறி அங்கியைப் பிடித்துச் சுற்றினார்.

புது வில்லன் வந்துவிட்டான் என்று பிள்ளைகளுக்கு ஏக குஷி. ஒரு வாண்டு தெலுங்கில் கேட்டாள், “தாத்தா, மீ பவர் ஏன்ட்டி?” உங்கள் சக்தி என்ன என்கிறாள்.

“நான் அவ நைனா!” என்று உறுமினார். பலத்த கைதட்டல்.

மேடைக்குப் பின்னால் அருள்குமார் முகமூடியைக் கழற்றிக்கொண்டு நின்றான். “மாமா...”

“இன்னா மாமா? அடிக்கிறவனுக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்?”

ஹரிதா அருளின் வலது கையுறையை உருவினாள். புறங்கை முழுக்கத் தோல் உரிந்து, பொருக்குத் தட்டி, மறுபடி உரிந்திருந்தது.

“அடி மேலயே படாது நைனா. நான் வுழறப்போ என் தலைக்கி அடியில இவரு கைய வச்சிடறாரு. அங்கியில மறைச்சிக்கினு வைக்கிறதால யாருக்கும் தெரியாது. என் மண்டைய தடவிப் பாரு.”

கன்னையா தடவினார். முன்னும் பின்னும், பேன் பார்க்கிறவரைப் போல நிதானமாக. ஒரு வீக்கமும் இல்லை. பிறகு அந்தக் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மருந்து போட்டியா?”

“இல்ல மாமா.”

“போடு. ஞாயித்துக்கிழம உங்கம்மாவ கூட்டிக்கினு வூட்டுக்கு வா. துன்னுட்டுப் பேசலாம்.”

ஹரிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். வெளியே பிள்ளைகள் கேக்குக்காகக் கூச்சல் போட்டார்கள். அவசரமாக முகமூடியை எடுத்தாள். பின்னந்தலையில் முடிச்சு விழவில்லை. கன்னையா அவளைத் திருப்பி நிறுத்தி, தறியில் அறுந்த இழையை முடிகிற வேகத்தில் கட்டிவிட்டார்.

“முடிச்சு சரியா கீதில்ல?” என்றார். “போ. போயி திருடு.”