கோட்டையிலிருந்து இறங்கி வந்தவள்

இடிந்த வீட்டின் படத்தை யாராவது நடுக்கூடத்தில் மாட்டுவார்களா? துபாயில் நான் வேலைக்குப் போன ஜெர்மன்காரர் வீட்டில் மாட்டியிருந்தார்கள். ஒரு மலை, மலையைச் சுற்றிக் கறுத்த மரங்கள், கீழே ஆறு, உச்சியில் பாதி விழுந்த கோட்டை. கூரை கிடையாது. ஒரு கோபுரம் மட்டும் நின்றது. பக்கத்துச் சுவரில் தப்பியிருந்த ஒற்றை யன்னலுக்குள்ளால் மறுபக்கத்து வானம் தெரிந்தது. எண்பதுகளின் நடுவில் அந்தப் படத்தைத் தினமும் தூசி தட்டியவள் நான். படத்துக்குக் கீழே ஒரு தட்டில், அந்தக் கோட்டையிலிருந்து எடுத்துவந்த கல் ஒன்றும் இருந்தது. அதையும் துடைக்க வேண்டும்.

"இதை ஏன் ஒருத்தரும் திருத்திக் கட்டேல்லை?" என்று ஒருநாள் மேடத்திடம் கேட்டேன். மேடம் என்னோடு பேசியது ஆங்கிலம். நான் பேசியது பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை ஆங்கிலம். ஆனால் எல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"இடிஞ்சபடி இருக்கிறதுதான் வடிவு," என்றார் மேடம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இடிந்ததெல்லாம் அழகு, வடிவு என்றால் அந்த வருடங்களில் எங்கள் ஊரைப் போல வடிவான ஊர் உலகத்திலேயே இருந்திருக்காது. கல்லைத் துடைத்து வைத்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தெற்கே ஒரு கடையில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு கடையும் போயிற்று, அவரைப் பற்றிய தகவலும் போயிற்று. கண்டவரும் இல்லை, உடலும் இல்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய ஆட்கள் அந்தியேட்டி என்கிற ஈமக் கிரியையைச் செய்து முடித்து, என் கையில் வெள்ளைச் சேலையைத் தந்தார்கள். அவர் செத்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதற்காக என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் வெள்ளையை மட்டும் விடாமல் கட்டினேன். ஊரில் என் வயது விதவைகள் வெள்ளையை விட்டு வெளிறிய நிறங்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. வளைகுடாவுக்குத் தனியாகப் போகிற பெண்ணைப் பற்றிச் சனம் வாய் கூசாமல் கதைக்கும். வெள்ளை கட்டினால் ஒருவனும் வாலாட்டமாட்டான். வெள்ளிக்கிழமைகளில் பர் துபாய்க் கோயிலுக்குப் போனால் அந்த நெரிசலிலும் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். எனக்கு அது வேலி, அவ்வளவுதான்.

அந்த மார்கழியில், ஜெர்மனிக் குளிருக்குத் தப்பி மேடத்தின் தாயார் வந்து சேர்ந்தார். மெலிந்த, நெடிய மனுஷி. ஜெர்மன் தவிர வேறு மொழி தெரியாது. வந்த மறுநாள் மாலை கூடத்துத் திரைகளை இழுத்து மூடிவிட்டு, வெறும் சுவரில் ஸ்லைடு படம் காட்டினார்கள். எல்லாம் தாயார் கொண்டுவந்த படங்கள். ஆற்றங்கரை நீளத்துக்கு மலைகள், மலைக்கு மலை ஒரு கோட்டை, அவற்றில் பாதி இடிபாடு. மேடம் எனக்கும் இடையிடையே சொன்னார். மேலே இருந்த பிரபுக்கள் ஆற்றில் போகிற படகுகளை மறித்து வரி வாங்கினார்களாம். பிறகு வந்த சண்டைகளில் கோட்டைகள் எரிந்தனவாம். எரிந்த பிறகு கீழே இருந்த சனம் ஏறிப்போய், கல்லைக் கழற்றிக்கொண்டு வந்து தங்கள் வீடுகளைக் கட்டியதாம். தாயார் பிறந்த வீட்டுச் சுவரிலும் கோட்டைக் கல் இருக்கிறதாம்.

நான் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு குறுக்கே போனேன். அந்த நேரம் பார்த்து, கூடத்துப் படத்தில் இருக்கிற அதே கோட்டை சுவரில் விழுந்திருந்தது. குனிந்து பார்த்தால் கோபுரம் என் சேலையில் நிற்கிறது. ஒற்றை யன்னல் என் நெஞ்சில். தாயார் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். படத்தை மறைத்துவிட்டேன் என்று கோபமாக்கும் என நினைத்து விலகிப் போனேன்.

என் வீட்டில் எனக்குப் பழக்கிய மரியாதை ஒன்று உண்டு. மூத்தவர்கள் படுத்திருக்கிற அறைக்குள் கூப்பிடாமல் நுழையக்கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைத் திறக்காமல், வாசலில் நிற்க வேண்டும். அவர்கள் கண்டு "வா" என்றால் உள்ளே போகலாம். தாயாருக்கு வந்த கையோடு தும்மலும் தடிமனும் பிடித்துவிட்டது, எந்த நேரமும் படுக்கைதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் திரைகளை மூடிக்கொண்டு எல்லோரும் சரிந்துவிடுவார்கள். ஏசி இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தில் நான் போய், ஏதாவது தேவையா என்று பார்க்கத் தாயாரின் அறை வாசலில் நிற்பேன்.

என் இடுப்பில் திறப்புக் கொத்து இருக்கும். எங்கள் ஊரில் சாவியைத் திறப்பு என்போம். ஸ்டோர் அறை, வாசல் கேற், பின்கதவு எல்லாவற்றின் திறப்பும் என் பொறுப்பு, நடந்தால் கிலுங்கும். தாயார் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். அவர் "வா" என்று கூப்பிடுவதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நான் திரும்பிவிடுவேன். எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்று எனக்குள் பெருமை வேறு.

சில நாட்களில் மனுஷி சாப்பாட்டை விட்டுவிட்டார். சூப்புக் கோப்பை வைத்தபடியே திரும்பி வந்தது. கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டு டிரைவர் ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. போய்வந்து சமையலறையில் என்னிடம் சொன்னான்.

"உடம்புல ஒண்ணுமே இல்லையாம்க்கா. ஆனா இப்படியே சாப்பிடாம கெடந்தா ரொம்ப நாளைக்குத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். மேடம் கார்ல அழுதுகிட்டே வந்தாங்க."

"பிறகேன் சாப்பிடுறா இல்லை?"

"எனக்கென்னக்கா தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மத்தியானத்துல நீங்க அந்த வராந்தாவுல வெள்ளையா வந்து நிக்கிறதப் பாத்தா எனக்கே பக்குன்னு இருக்கு. கால் சத்தமே இல்ல, சாவிக்கொத்து சத்தம் மட்டும் வருது."

"தம்பி, உம்மட வேலையைப் பாரும்," என்றேன்.

அன்று மத்தியானம் மணற்காற்று. யன்னல் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் மஞ்சளாகிவிட்டது, எதிர் வீடு தெரியவில்லை. கதவிடுக்குகளில் காற்று ஊளையிட்டது. மேடம் சமையலறைக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

"அம்மாவின்ர ஊரில ஒரு கதை இருக்கு. அந்தக் கோட்டைக்காரன் சண்டைக்குப் போனவன், திரும்பி வரேல்லை. பெண்சாதி திறப்பெல்லாத்தையும் இடுப்பில கொழுவிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தவ. கோட்டை எரியேக்கையும் வெளியில வரேல்லை. இப்பவும் கோட்டைக் கல் இருக்கிற வீட்டில ஆருக்கும் சாவு வருமெண்டால், அவ கீழ இறங்கி வருவா. வெள்ளை உடுப்பு. வெறுங்கால். வாசலில நிண்டு பார்ப்பா, உள்ள வரமாட்டா. கதைக்கவும் மாட்டா. திறப்புச் சத்தம் மட்டும் கேக்கும்."

தினமும் என் கையால் துடைத்து வைக்கிற கல் ஞாபகத்துக்கு வந்தது.

"நீர் ஆரெண்டு அம்மாவுக்கு எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன். தலையை ஆட்டுறா, நம்புறா இல்லை. தன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திட்டாவாம், இனி என்னத்துக்குச் சாப்பாடு எண்டு கேக்கிறா." மேடம் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நிறச் சீலை ஒண்டு கட்டுவீரோ? எங்களுக்காக?"

"செத்தாலும் கட்டமாட்டன்," என்றேன். கையில் இருந்த கோப்பையை டங்கென்று வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன். இவர்கள் ஊர்ப் பேய்க்காக நான் ஏன் சேலை மாற்ற வேண்டும் என்று பொருமிக்கொண்டு இருந்தேன். உண்மையில் மேடத்தின் மேல் கோபமில்லை. போனவன் திரும்பி வரவில்லை என்று அவர் சாதாரணமாகச் சொன்னாரே, அதுதான் எனக்குள் தைத்துக்கொண்டு நின்றது.

என்னிடம் நிறச் சேலை இல்லாமலும் இல்லை. பெட்டியின் அடியில் ஒன்று இருந்தது. கத்தரிப்பூ நிறம். கடைசியாக லீவில் வந்தபோது என் கணவர் வாங்கிவந்தது. அவர் திரும்பி வருகிற அன்றைக்குக் கட்டுவதற்கென்று கடல் தாண்டியும் கொண்டுவந்திருந்தேன். வேறு ஒருவருக்காகவும் அதை விரிப்பதாக இல்லை.

மறுநாளும் சூப்புக் கோப்பை நிறைந்தபடியே வந்தது. கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தேன். தாயார் தலைமுடியை ஒழுங்காக வாரி, இரண்டு கைகளையும் நெஞ்சில் கோத்து வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். புறப்பட ஆயத்தமாகி விட்டார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்துப் பயந்தே ஒரு மனுஷி சாகப் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கரைப்பேன்?

பெட்டியைத் திறந்தேன். சேலையைக் கட்டினேன். கொசுவம் சரிவரவில்லை. திறப்புக் கொத்தைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே டப்டப்பென்று நடந்து, ஒருவரும் கூப்பிடாமலே தாயாரின் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குப் பழக்கிய மரியாதையெல்லாம் அன்றைக்குக் காற்றில் போயிற்று. சூப்பில் ஒரு கரண்டி அள்ளி முதலில் நானே குடித்தேன். பேய் சூப்புக் குடிக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.

தாயார் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தொட்டார். சூடு தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். நான் ஊட்ட ஊட்டக் கோப்பை காலியாயிற்று. பின்னால் வந்து நின்ற மேடம் மூக்கை உறிஞ்சியது கேட்டது. தாயார் வாயைத் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்து, விருந்தாளியைப் பற்றி விசாரிக்கிற குரலில் ஏதோ கேட்டார். மேடத்தின் முகம் மாறியது.

"என்ன சொல்லுறா?"

"சூப் நல்லாயிருக்காம்."

"அதில்லை. பிறகும் என்னவோ கேட்டவ."

மேடம் தயங்கினார். "நீர் உள்ள வந்திட்டீராம். மற்றவ ஏன் இன்னும் வாசலில நிக்கிறா எண்டு கேக்கிறா. அவ தன்னைப் பார்க்கேல்லையாம். உம்மைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறாவாம்."

திரும்பிப் பார்த்தேன். கதவு, வராந்தா, சுவர். ஒருவரும் இல்லை. திறப்புக் கொத்து சமையலறை ஆணியில் தொங்கியது எனக்கு நிச்சயம். ஆனாலும் கிலுங்குகிற சத்தம் கேட்டது. காற்றில் கேற் ஆடியதாக இருக்கலாம். இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

தாயார் பிழைத்துக்கொண்டார். பங்குனியில் நல்ல சுகத்தோடு ஊருக்குத் திரும்பினார், தட்டில் இருந்த கல்லையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். ஆனால் நான் சொல்ல வந்தது அவர் சூப்புக் குடித்த அன்று மாலையைப் பற்றி.

சமையலறைக்குப் பின்னால் இருந்த என் அறையில், கத்தரிப்பூச் சேலையோடு நிலத்தில் இருந்தேன். கோட்டைக் கல் இருக்கிற வீட்டுக்கு அவள் சாவுக்குத்தான் வருவாள். தாயார் சாப்பிட்டுவிட்டார். மேடத்துக்கும் ஒன்றுமில்லை. அப்படியானால் யாருடைய சாவு? எனக்கு விடை தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு சாவைக் கொண்டுவந்தவள் நான்தான். வெள்ளையைக் கட்டிக்கொண்டே, அதை உள்ளே விடாமல் வாசலிலேயே இத்தனை காலம் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் வரமாட்டார். இந்தச் சேலையை அவர் பார்க்கமாட்டார். முந்தானையை வாயில் வைத்து அடைக்கப் பார்த்தேன், முடியவில்லை. செத்த வீட்டில் அழுகிற அழுகையைக் குரல் விட்டு அழுதேன். ஊரில் நான் அழாத அழுகை முழுவதும் அந்த அறையில் வந்தது.

திறப்புகள் கிலுங்கின.

நிமிர்ந்து பார்த்தேன். பொழுது பட்டுவிட்டது, லைட்டுப் போடவில்லை. வாசலில் வெள்ளை உடுப்போடு ஒருத்தி நின்றாள். வெறுங்கால். வாய் திறக்கவில்லை. மேடம்தான் அது. வீட்டில் போடுகிற நீளமான வெள்ளைக் கவுண். கையில் நான் ஆணியில் விட்டுவந்த திறப்புக் கொத்து, என்னிடம் தர எடுத்திருக்க வேண்டும். அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர், வேலைக்காரியின் அறைக்குள் கூப்பிடாமல் வரலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறார்.

"உள்ள வாங்கோ," என்றேன்.

மேடம் வந்து, திறப்புக் கொத்தை நிலத்தில் வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் இருந்தார்.