பத்தொன்பதாவது இலத்திரன்

அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு தங்கச்சி வாய் திறக்கவில்லை. அழவுமில்லை. ஏதும் கேட்டால் தலையை ஆட்டுவாள். நானும் அழவில்லை. உலை வைத்தேன், முற்றம் கூட்டினேன். அப்பா மிளகாய்த் தோட்டத்துக்குப் போனார், வந்தார். விசுவமடுவில் எங்கள் வீடு அப்படித்தான் நடந்தது.

அதற்கு முன் அவள் வாய் ஓயாது. உயர்தர வகுப்பு, இரசாயனம். குசினி வாசலில் இருந்து சத்தமாகப் படிப்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அணு, அதைச் சுற்றுகிற இலத்திரன், சக்தி மட்டம் எல்லாம் தேங்காய் துருவும்போது காதில் விழும்.

அம்மாவின் முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்தும் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. சோதனை கிட்டியிருந்தது. மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலம்.

"திங்கட்கிழமை போகாட்டி இனி மிளகாய் ஆய வரட்டும்," என்றார் அப்பா. "ஆளும் காணாது."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் கோபப்படத் தெம்பில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையைக்கூட ஆட்டவில்லை.

சனிக்கிழமை தோட்டத்தில் இறைப்பு. அப்பா கிணற்றடியில் இறைக்கிற மிசினோடு நின்றார். தங்கச்சி மண்வெட்டியோடு தண்ணீர் மாற்றினாள். ஒரு பாத்தி நிரம்பினால் அதன் வாயை மண் போட்டு அடைத்து, அடுத்ததை வெட்டிவிட வேண்டும். நான் அவளுடைய புத்தகத்தைக் கொண்டுபோய் வாய்க்கால் வரம்பில் இருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று சொல்லத் தெரியாது. மேசையில் கிடந்தது, எடுத்தேன்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். பொற்றாசியம் என்று ஒன்று. அதன் அணுவில் பத்தொன்பது இலத்திரன். முதல் மட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் எட்டு, நாலாவதில் ஒன்று. ஆனால் மூன்றாவதில் பதினெட்டுக் கொள்ளும் என்று மேலே போட்டிருந்தது.

"மூண்டாம் பாத்தி பாதியும் நிரம்பேல்லை," என்றேன். "அதுக்குள்ள நாலாம் பாத்தியை வெட்டி விட்டிருக்கிறான். ஆரடி இந்த விசரன்?"

வேண்டுமென்று கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

மண்வெட்டி நின்றது.

"பாத்தி இல்லையக்கா. மட்டம்."

குரல் கரகரத்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

"எதெண்டால் என்னடி? இடம் கிடக்குத்தானே."

"மூண்டாவதில எட்டுக்குப் பிறகு இருக்கிற இடம் மேடு. நாலாவதின்ர முதல் இடம் அதைவிடக் கொஞ்சம் பள்ளம். சக்தி குறைஞ்ச இடத்துக்குத்தான் முதல் போகும்."

"தூரத்துப் பாத்தி பள்ளமெண்டால் வரம்பு கட்டினது பிழை. அப்பா கட்டினதே?"

"உன்ர மண்டைக்குள்ள மிளகாய்க் கொட்டைதான் கிடக்கு."

பிறகு அவளாகவே சொன்னாள். நாலாவதில் இருக்கிற அந்த ஒன்றுதான் வலுவளவு இலத்திரனாம். லேசில் கழன்று போகுமாம். அதனால்தான் பொற்றாசியத்தைத் தண்ணீரில் போட்டால் நெருப்புப் பற்றுமாம்.

"ஆர் போட்டுக் காட்டினது?"

"ஒருத்தருமில்லை. எங்கட பள்ளிக்கூடத்தில பொற்றாசியத்துக்கு எங்க போறது?"

"தண்ணி உடைச்சுப் போட்டுது! அங்க என்னடி கதை?" கிணற்றடியிலிருந்து அப்பா கத்தினார். பார்த்தால் வரம்பு உடைந்து தண்ணீர் பாதையில் ஓடியது. அவள் ஓடிப்போய் மண் போட்டாள்.

பின்னேரமும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். அணுவைப் பற்றி மட்டும் கதைத்தாள். அம்மாவின் கதையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். அப்பா டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். நான் சோறு கட்டிக் கொடுத்தேன்.

பின்னேரம் வந்து, "கறியில உப்பில்லை," என்றாள்.

அதே கறியைத்தான் மத்தியானம் நானும் சாப்பிட்டேன். உப்பில்லாதது எனக்குத் தெரியவில்லை.